கல்யாணம் ஆகாத பெண்களுக்கு அந்தக் காலத்து வீடு எவ்வளவு தூரம் துணையாக இருந்தது?

மலர்விழி_தஞ்சை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம், இங்கே கேட்டால் விவரம் தெரிந்தவர்கள் சொல்வீர்கள் என்று எழுதுகிறேன்.

கல்யாணம் ஆகாத பெண் அந்தக் காலத்தில் தனக்கென்று ஒரு வாழ்க்கை வாழ்ந்திருக்கவே முடியாது, அண்ணன் தம்பி நிழலில் ஒண்டிக் கிடந்திருப்பாள் என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கம் நான் பார்த்ததும் அதுதான். ஆனால் கேரளத்துத் தறவாடுகளைப் பற்றி, அதாவது தாய்வழிக் கூட்டுக்குடும்ப வீடுகளைப் பற்றிப் படிக்கப் படிக்க வேறொரு படம் கிடைக்கிறது. அங்கே பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதே இல்லை. சொத்து தாய்வழியில் இறங்குகிறது. குழந்தைகள் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர்கள். புருஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுடைய சோறு, எண்ணெய், துணிக்கு அந்த வீடுதான் பொறுப்பு. அவளுடைய பாய் விரிக்கிற இடத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது.

இப்படி ஒரு வீடு பின்னால் இருந்தால், கல்யாணம் என்பது வயிற்றுப்பாட்டுக்காகச் செய்துகொள்ள வேண்டிய காரியமாக இருக்காது அல்லவா? படிக்கலாம், பாடலாம், சும்மா இருக்கலாம். விருப்பம் இருந்தால் கல்யாணம். இல்லாவிட்டால் இல்லை. கேரளத்தில் பெண் படிப்பு முன்பே வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். என் எண்ணம் சரியா, இல்லை தூரத்தில் இருந்து பார்ப்பதால் பச்சையாகத் தெரிகிறதா?

---

நிளாதீரம்

மலர்விழி, நாங்கள் பாலக்காட்டுத் தமிழர்கள். ஒற்றப்பாலம், ஷொர்ணூர் பக்கத்துத் தறவாடுகளைச் சுற்றி வளர்ந்த குடும்பம் என்பதால் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்னதில் பாதி மிகச் சரி. பழைய கொச்சியிலும் தெற்கு மலபாரிலும் நாயர் பெண் தன் தறவாட்டிலேயே இருந்தாள். பருவத்துக்கு முன்பே, பெயருக்குத் தாலி கட்டுகிற தாலிகெட்டுச் சடங்கு முடிந்துவிடும், அதனால் பெண் 'கரையேறவில்லை' என்ற பேச்சுக்கே இடம் இல்லை. அதற்குப் பிறகு வருகிற சம்பந்தம் என்பது, ஆண் இரவில் வந்து காலையில் தன் வீட்டுக்குப் போய்விடுகிற உறவு. அவனுடைய சம்பாத்தியத்தை நம்பி அடுப்பு எரியவில்லை. உறவு முறிந்தால் அவள் தெருவுக்கு வரவில்லை. அவன் இறந்தால் அவள் தலையை மழிக்கவில்லை. பக்கத்து அக்கிரகாரத்தில் பத்து வயதில் தாலியறுத்த குழந்தைகள் மூலையில் உட்கார்ந்திருந்த அதே காலத்தில், அதே ஊரில் இது நடந்தது.

மறுபாதி காரணவர். தறவாட்டுச் சொத்து பெண் வழியில் இறங்கியது, நிர்வாகம் அவளுடைய கையில் இல்லை. மூத்த தாய்மாமன்தான் காரணவர். நெல்லறைச் சாவி அவர் இடுப்பில் இருக்கும். யார் பள்ளிக்கூடம் போகலாம், யாருடைய சம்பந்தத்தைத் தொடரலாம், யாருடையதை முடிக்கலாம் என்பதில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. காரணவர் நல்லவராக வாய்த்தால் பெண்கள் நன்றாக வாழ்ந்தார்கள். சொத்தைத் தன் மனைவி மக்கள் பக்கம் மெல்லத் திருப்புகிற காரணவர் வாய்த்தால் கோர்ட்டு, கேஸ் என்று வீடு நாசமாகும். மலபார் நீதிமன்றங்களில் தறவாட்டு வழக்குகள் குவிந்து கிடந்தன.

இன்னொன்று. வட மலபாரில், அதாவது கண்ணூர், தலச்சேரிப் பக்கம், மருமக்கத்தாயம் என்ற இந்தத் தாய்வழி முறை இருந்தும் மனைவி கணவன் வீட்டில் போய் வாழும் வழக்கம் உண்டு. அவன் இறந்தால் பிறந்த தறவாட்டுக்குத் திரும்புவாள். திரும்பிப் போக ஒரு இடம் இருந்தது என்பது அங்கேயும் பொது.

---

மலர்விழி_தஞ்சை

நிளாதீரம், ரொம்ப நன்றி. சாவி இடுப்பில் இருந்தது மாமனுக்கு என்றாலும், "இது உன் வீடு இல்லை" என்று அந்தப் பெண்ணிடம் அவரால் சொல்ல முடியாது அல்லவா? எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. தலச்சேரி என்றதும் தாவரவியல் விஞ்ஞானி ஈ.கே. ஜானகி அம்மாள் நினைவுக்கு வருகிறார். அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரைப் பற்றி யாராவது எழுதுங்களேன்.

---

தாவரக்காதலன்

ஜானகி அம்மாள் பெயரைக் கேட்டதும் ஓடி வந்துவிட்டேன். எனக்குப் பிடித்த ஆளுமை.

1897-இல் தலச்சேரியில் பிறந்தவர். தீயர் சமூகம், அவர்களிடமும் வட மலபாரில் தாய்வழி முறை இருந்தது. அப்பா ஈ.கே. கிருஷ்ணன் சப்-ஜட்ஜ். 'எடம்' என்று பெயர் கொண்ட அந்த வீட்டில் தோட்டம் உண்டு, புத்தகங்கள் உண்டு. அப்பாவுக்குப் பறவைகள் மீதும் செடிகள் மீதும் ஆர்வம். அண்ணன் தங்கை அக்கா தம்பி என்று பெரிய கூட்டம். அக்காமார்களுக்கு வரிசையாகக் கல்யாணம் ஆனது. இவருக்கும் மாப்பிள்ளை பார்த்தார்கள். அவர் படிப்பைத் தேர்ந்துகொண்டார்.

சென்னையில் ராணி மேரி கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல், அப்புறம் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. அங்கிருந்து உதவித்தொகையில் அமெரிக்கா, மிச்சிகன் பல்கலைக்கழகம். 1931-இல் அங்கே டாக்டர் பட்டம். 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை. நம் ஊரில் நன்றாக வளரும், சர்க்கரையும் நிறையத் தரும் கரும்பு உருவாக நடந்த வேலையில் அவருடைய பங்கு பெரிது. அங்கே அவர் கல்யாணம் ஆகாத பெண், அதோடு பிற்படுத்தப்பட்ட சாதி. கூட வேலை பார்த்த ஆண்களிடம் அவர் பட்டது கொஞ்சமில்லை. பிறகு இங்கிலாந்து. யுத்த காலம் முழுக்க லண்டனில் இருந்து, 1945-இல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் பற்றிய பெரிய தொகுப்பு நூலை வெளியிட்டார். இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் இன்றும் அவர் பெயரில் ஒரு மக்னோலியா பூக்கிறது. 1951-இல் நேரு அழைத்து இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பைக் கொடுத்தார். கடைசிக் காலம் நம் சென்னைக்குப் பக்கத்தில் மதுரவாயலில், பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில். 1984-இல் இறக்கும்வரை வேலை செய்துகொண்டே இருந்தார்.

ஆனால் ஒரு விஷயம். இதை எல்லாம் தாய்வழி முறையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. படித்த அப்பா, வசதியான வீடு, மிஷனரிக் கல்வி, பெண்களுக்கென்றே 1914-இல் சென்னையில் திறந்த ஒரு கல்லூரி எல்லாம் சேர்ந்துதான் ஜானகி அம்மாள். வீடு அவரை வெளியே விட்டது, திரும்பி வர இடமும் வைத்திருந்தது. அதற்கு மேல் அவர் நடந்ததெல்லாம் சொந்தக் காலில்.

வானிலை விஞ்ஞானி அன்னா மணியும் கல்யாணம் செய்துகொள்ளாதவர்தான், 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். அவர் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம், அங்கே தாய்வழி கிடையாது. எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கிக்கொடுங்கள் என்று கேட்டவர். வீட்டில் வாங்கியும் கொடுத்தார்கள். ஆக, தாய்வழி இல்லாத வீடும் கதவைத் திறந்திருக்கிறது.

---

பறக்கைக்காரன்

கேரளம் கேரளம் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தமிழ் பேசுகிற நாஞ்சில் நாட்டிலும் மருமக்கள்வழி, அதாவது சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகிற முறை இருந்தது. எங்கள் வெள்ளாளர் குடும்பங்களில், திருவிதாங்கூர் அரசு 1926-இல் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டம் கொண்டுவந்து பாகம் பிரிக்க வழி செய்யும்வரை அதுதான் முறை. கவிமணி அதைப் பற்றி மருமக்கள்வழி மான்மியம் எழுதியதும் அதனால்தான். அது முழுக்க ஒரு மனைவியின் புலம்பல். புருஷன் இருக்கும்வரை சோறு. அவன் கண்ணை மூடினதும் மருமகன், அதாவது அவனுடைய சகோதரி மகன் வந்து சாவியை வாங்கிக்கொள்வான். பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு, அவ்வளவுதான்.

இங்கே மலர்விழி கேட்ட கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. கேரளத்துத் தறவாட்டில் பெண் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். நாஞ்சில் நாட்டில் சொத்து மட்டும் தாய்வழி, பெண் போய் வாழ்ந்தது புருஷன் வீட்டில். அதனால் ஒரே பெண் பிறந்த வீட்டில் உரிமைக்காரி, புகுந்த வீட்டில் என்றைக்கு வேண்டுமானாலும் இறக்கிவிடப்படுகிறவள். கல்யாணம் பண்ணிப் போனவள் பயத்தில் இருந்தாள். பண்ணாமல் பிறந்த வீட்டில் இருந்தவள் நிமிர்ந்து இருந்தாள்.

எங்கள் ஆத்தாவின் மூத்த சகோதரி அப்படி இருந்தவர், வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியம்மை. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள், அது நமக்கு வேண்டாம். களத்தில் நெல் அளக்கும்போது அவர்தான் படிப்புரைத் திண்ணையில் உட்கார்ந்து எண்ணுவார். அளக்கிறவன் மரக்காலைத் தலைதட்டி ஒவ்வொன்றாகக் கொட்டுவான், அவர் சுண்ணாம்பால் சுவரில் கோடு போட்டுக்கொண்டே வருவார். இருபத்தொரு மரக்கால் ஆனதும் ஒரு கோட்டை, அதற்கு ஒரு குறுக்குக் கோடு. காரணவர் பாட்டா வந்து எத்தனை என்று கேட்டால் சுவரைக் கைகாட்டுவார். அந்தச் சுவரைச் சாட்சி வைத்துத்தான் குத்தகைக்காரர்களோடு கணக்குத் தீர்ப்பார்கள். தனக்கென்று இரண்டு பசு வைத்திருந்தார். பால் விற்ற காசில் சுசீந்திரம் தேருக்குப் பிள்ளைகள் எல்லோருக்கும் துணி எடுப்பார். அந்தக் காசை என்ன செய்தாய் என்று அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை.

அதே வீட்டில், காரணவர் பாட்டாவின் மனைவி, அதாவது எங்கள் முறைக்கு மாமி, ஒரு சேர் பால் கூடுதலாக எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கவும் பெரியம்மை முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பெரியம்மையின் சுதந்திரத்துக்கு விலை கொடுத்தவர் அந்த மாமி. பாட்டா போன பிறகு மாமியும் பிள்ளைகளும் எந்தத் தெருவுக்குப் போனார்கள் என்பதை எங்கள் வீட்டில் இன்றும் சத்தமாகப் பேச மாட்டார்கள்.

---

மலர்விழி_தஞ்சை

பறக்கைக்காரன் ஐயா, அந்தச் சுண்ணாம்புக் கோடு கண்ணிலேயே நிற்கிறது. மாமியின் கதையையும் சொன்னதற்கு நன்றி, பொதுவாக அதை விட்டுவிடுவார்கள்.

எங்கள் பக்கம் என்ன இருந்தது என்று சொல்கிறேன். அத்தை ஒருவர் ஆசிரியை, 1960-களில் இருந்து வேலை. சம்பளத்தைத் தாத்தாவிடம் கொடுப்பார். இரண்டு தம்பிகள் அதில் படித்தார்கள். தாத்தா இருந்தவரை மாடியறை அத்தையின் அறை, உள்ளே போனால் மர பீரோ, ரேடியோ, நோட்டுத் திருத்துகிற சாய்வு மேசை. எங்களுக்கு அது கோயில் மாதிரி. தாத்தா போனதும் பாகம் பிரித்தார்கள், அத்தை பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஆறு மாதம் ஒரு தம்பி வீடு, ஆறு மாதம் இன்னொரு தம்பி வீடு என்று ஏற்பாடு. யாரும் கொடுமைப்படுத்தவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. ஆனால் அவருடைய மேசை எந்த வீட்டிலும் நுழையவில்லை. அன்பாகத்தான் வைத்திருந்தார்கள், உரிமை மட்டும் இல்லை.

---

நிளாதீரம்

உரிமை இல்லாத அன்பு என்று மலர்விழி சொன்னதும், அன்பும் இல்லாத ஓர் இடத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அதே கேரளம், அதே காலம், நாயர் தறவாட்டில் இருந்து கூப்பிடு தூரத்தில் நம்பூதிரி இல்லம்.

அங்கே சொத்து சிதறக்கூடாது என்று மூத்த மகன் மட்டும் தன் சாதியில் வேளி, அதாவது முறையான கல்யாணம் செய்துகொள்வான். தம்பிமார் நாயர் வீடுகளில் சம்பந்தம் வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் நம்பூதிரிப் பெண்களுக்கு மாப்பிள்ளை எங்கிருந்து வரும்? ஒருவனுக்கே இரண்டு மூன்று மனைவியாகப் போனார்கள், கிழவனுக்கு நான்காவதாகப் போனார்கள், மீதிப் பெண்கள் கன்னியாகவே கிழவியாகி இறந்தார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் நாயர் வீட்டை விட நம்பூதிரி இல்லத்தில்தான் கல்யாணம் ஆகாத பெண்கள் அதிகம் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் பிறந்த வீடு இருந்தது, சோறு இருந்தது, கூரை இருந்தது. வெளியே போனால் முகத்தை மறைக்க மறைக்குடை, கூடத் துணைக்கு ஒரு வேலைக்காரி. படிப்பு என்றால் கொஞ்சம் ராமாயணம். சந்தேகம் வந்தால் ஸ்மார்த்தவிசாரம் என்ற விசாரணை, குற்றம் என்று முடிந்தால் உயிரோடு இருக்கும்போதே கருமாதி செய்து படியிறக்கிவிடுவார்கள். 1905-இல் குறியேடத்து தாத்ரியின் விசாரணையில் அவர் சொன்ன பெயர்களால் அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்களும் சாதி இழந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த வரலாறு.

அதனால் பிறந்த வீட்டில் இருந்தாள் என்ற ஒரே காரணத்தால் ஒரு பெண் சுதந்திரமாக இருந்தாள் என்று ஆகாது. இரண்டு வீட்டிலும் கல்யாணம் ஆகாத பெண் இருந்தாள். ஒரு வீட்டில் வம்சமே அவள் வழியாக நடந்தது, அதனால் அவளுக்கு மதிப்பு. மற்ற வீட்டில் அவள் வம்சக் கணக்கிலேயே இல்லை.

---

மட்டுநகர் நிலா

வணக்கம். மட்டக்களப்பில் இருந்து எழுதுகிறேன். உங்கள் கதையை வாசித்துக்கொண்டே வந்தேன், எங்கட பக்கத்துச் சங்கதியையும் சொல்ல வேண்டும் போலக் கிடந்தது.

கிழக்கிலங்கையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்குத்தான் போகும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்குப் பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவுக்குள் சின்ன வீடு ஒன்று கட்டி ஒதுங்குவார்கள், அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. தமையன்மார் தங்கச்சிமாருக்கு வீடு கட்டி முடித்த பிறகுதான் தங்கட கலியாணத்தைப் பற்றிக் கதைப்பார்கள். குடி என்கிற குலப் பிரிவும் தாய்வழிதான். அதனால் இங்கே ஒரு தெருவை எடுத்தால் அக்கா, தங்கச்சி, பெரியம்மா, சின்னம்மா என்று வேலிக்கு வேலி பெண்வழிச் சொந்தம். கலியாணம் கட்டாமல் இருக்கிற அக்காவுக்குப் பக்கத்து வளவு முழுக்கத் தன் ஆட்கள்தான். யாரும் அவவை 'வைத்துப் பார்க்க' வேண்டியதில்லை, அவ இருப்பது தன் பெயரில் உறுதி, அதாவது பத்திரம் உள்ள வீட்டில்.

இதிலும் சிக்கல் உண்டு, ஒளிக்கக் கூடாது. வீடு சீதனமாகத்தான் எழுதப்படும், கலியாணத்தை நினைத்துத்தான் வீடே எழும்பும். கலியாணம் வராத பெண்ணின் வீடு அத்திவாரத்தோடு நின்றுபோன கதையும் நிறைய.

யாழ்ப்பாணத்துத் தேசவழமை என்ற வழக்கச் சட்டத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. பெண்ணுக்குச் சொத்து உண்டு, ஆனால் கலியாணம் கட்டிய பெண் தன் பெயரில் உள்ள காணியையோ வீட்டையோ விற்பதற்குப் புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கலியாணம் கட்டாதவளுக்கு அந்தத் தடை இல்லை, தன் காணியைத் தானே விற்கலாம், எழுதலாம். சட்டப்படி பார்த்தால் தனியாள்தான் முழு ஆள்.

2004 சுனாமிக்குப் பிறகு நடந்ததையும் சொல்லவேணும். கரையோர வீடுகள் அழிந்தன. பெண்கள் பெயரில் இருந்த வீடுகள் அவை. புது வீடு கொடுக்கிற நேரம் குடும்பத் தலைவர் பெயர் என்று கேட்டு ஆண்கள் பெயரில் எழுதினார்கள். தாய்வழியாக எத்தனையோ தலைமுறை வந்த வீட்டுரிமை ஒரு விண்ணப்பப் படிவத்தில் மாறிப்போனது. பெண்கள் அமைப்புகள் அதற்காகப் போராடின.

---

காயல்

மட்டுநகர் நிலா சொன்னது எங்கள் காயல்பட்டினத்துக்கும் பொருந்தும், கீழக்கரையிலும் அப்படித்தான். வீடு மகளுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். எங்கள் தெருவில் ஆண்கள் வியாபாரத்துக்குக் கொழும்பு, சென்னை, வெளிநாடு என்று போய்விடுவார்கள், வீடுகளைக் கட்டி ஆண்டது உம்மாமார்களும் பாட்டிமார்களும்தான். நிக்காஹ் ஆகாத பெண்கள் எங்களிடம் குறைவு, அதனால் அதைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. விவாகரத்தானவர்களுக்கு அந்த வீடு எவ்வளவு பெரிய பலம் என்பதை மட்டும் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டியவர் ஆண்தான்.

---

சிவகாமி_மதுரை

எல்லாவற்றையும் படித்தேன். நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், மலர்விழி கோபித்துக்கொள்ளக் கூடாது.

கல்யாணம் ஆகாத அந்தப் பெண்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யாராவது பார்த்தீர்களா? பறக்கைக்காரனின் பெரியம்மை நெல் எண்ணினார், மாடு பார்த்தார், சந்தோஷம். மற்ற எத்தனையோ வீடுகளில் அவர்கள்தான் பிரசவம் பார்த்தார்கள், படுக்கையில் விழுந்த கிழவர்களுக்குப் பீ மூத்திரம் அள்ளினார்கள், அண்ணன் தம்பி பிள்ளைகளை வளர்த்தார்கள். வீடு அவர்களைத் தாங்கியது என்று சொல்கிறோம், வீட்டைத் தாங்கியது யார்? கூலி இல்லாத வேலை அது. அத்தையின் சம்பளத்தில் தம்பிகள் படித்தார்கள் என்று மலர்விழியே எழுதியிருக்கிறார்.

உண்மையான சுதந்திரம் வீட்டுக்கு வெளியே இருந்துதான் வந்தது என்பது என் கட்சி. ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, நர்சிங், தபால் ஆபீஸ், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். மாதம் பிறந்தால் கையில் சம்பளம். சகோதரி சுப்புலட்சுமி எழும்பூரில் அப்பா வீட்டிலேயே சில விதவைச் சிறுமிகளை வைத்துக்கொண்டு தொடங்கியதுதான் பிறகு ஐஸ் ஹவுஸ் விடுதியாகி, எத்தனையோ பெண்களை ஆசிரியைகளாக்கி அனுப்பியது. அவர் 11 வயதில் விதவை ஆனவர், 1911-இல் பட்டம் பெற்றார். அங்கே படித்துப் போனவர்களுக்குப் பிறந்த வீடு திறக்கவில்லை என்பதால்தானே அந்த விடுதியே தேவைப்பட்டது?

---

மலர்விழி_தஞ்சை

சிவகாமி அக்கா, கோபம் ஒன்றும் இல்லை. வேலையின் பங்கை நான் குறைத்துத்தான் எழுதிவிட்டேன் என்று தோன்றினால் சரிதான். ஆனால் நீங்கள் சொன்ன உதாரணத்திலேயே பாருங்கள். சுப்புலட்சுமியின் அப்பா சுப்பிரமணிய ஐயர் ஊர்ப் பேச்சைப் பொருட்படுத்தாமல் மகளை வீட்டில் வைத்துப் படிக்கவைத்தார், கூட இருந்து பார்த்துக்கொண்டவர் விதவையான சித்தி வாலாம்பாள். அந்த வீடு இல்லாமல் அந்த விடுதி எப்படி வந்திருக்கும்? சம்பளம் மட்டும் போதும் என்றால் எங்கள் அத்தைக்குப் போதியிருக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவருக்கு ஒரு மேசை போட இடம் கிடைக்கவில்லையே.

---

சிவகாமி_மதுரை

அந்தச் சம்பளம் அவர் கையில் நின்றிருந்தால் மேசை மட்டும் என்ன, வீடே வாங்கியிருப்பார். சரி, இரண்டும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

---

வழக்கறிஞர்_தேன்மொழி

நான் சிவில் பக்கம் வேலை செய்கிறவள். உங்கள் அத்தையின் மேசைக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை என்பதற்குச் சட்டத்திலேயே பதில் இருந்தது.

பழைய இந்துச் சட்டத்தில், மலபார் மாதிரித் தனி வழக்கம் உள்ள இடங்களைத் தவிர, கல்யாணம் ஆகாத மகளுக்குக் குடும்பச் சொத்தில் ஜீவனாம்சமும் கல்யாணச் செலவும்தான். பங்கு இல்லை. 1937 சட்டம் விதவைகளுக்கு ஏதோ கொடுத்தது, அதுவும் ஆயுட்காலத்துக்கு மட்டும். மகளுக்கு ஒன்றும் இல்லை. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்களுக்கும் சமமாகச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சட்டம் அங்கே வந்து சேர இன்னும் அறுபது வருஷம் ஆனது.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகளும் வாரிசு. ஆனால் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக்கொடு என்று மகள் கேட்க முடியாது, ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்தால்தான் உண்டு. அதுவரை அங்கே குடியிருக்கிற உரிமை மட்டும், அதுவும் கல்யாணம் ஆகாதவள், விதவை, கணவனால் கைவிடப்பட்டவள், பிரிந்து வந்தவள், இவர்களுக்கு மட்டும். அதாவது, கல்யாணம் ஆகாத பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் தங்க இடம் உண்டு என்று நம் பழைய வழக்கம் சொன்னதைச் சட்டம் அப்படியே எழுதிவைத்தது. வீட்டுச் சாவி அண்ணன் தம்பி கையிலேயே இருந்தது.

1989-இல் தமிழ்நாடு திருத்தம். பூர்விகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆனவளுக்குக் கிடையாது. அதே வீட்டில் அக்காவுக்கு மார்ச் மாதத் தொடக்கத்தில் தாலி ஏறியிருந்தால் பங்கு இல்லை, கல்யாணம் ஆகாத தங்கைக்கு உண்டு. தமிழ்நாட்டில் கல்யாணம் ஆகாமல் இருந்ததற்காக ஒரு பெண்ணுக்குச் சட்டம் சொத்தில் பங்கே கூடுதலாகக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான் என்று எனக்குத் தெரிகிறது. 2005 மத்திய திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது, 23-ஆம் பிரிவையும் நீக்கிவிட்டது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி பதிவுசெய்து முடிந்த பாகப்பிரிவினையைத் திரும்பக் கிளற முடியாது.

தறவாட்டைப் பற்றி ஒரு வரி. 1933-இல் நடைமுறைக்கு வந்த மெட்ராஸ் மருமக்கத்தாயச் சட்டம் மலபாரில் பாகத்துக்கு வழி திறந்தது, 1976 டிசம்பரில் கேரளம் கூட்டுக்குடும்பத்தையே ஒழித்தது. பெண்களுக்குத் தனிப் பங்கு வந்தது, நல்லதுதான். அதன் கூடவே அந்தச் சமூகங்களுக்குள் வரதட்சணையும் நுழைந்தது. பங்கைக் காசாக்கி மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் திரும்பி வர வீடு ஏது?

---

பறக்கைக்காரன்

தேன்மொழி சொன்ன மாதிரிப் பாகப்பிரிவினை எங்கள் பக்கமும் நடந்தது. 1926-க்குப் பிறகு பாகம் பிரிந்தபோது பெரியம்மைக்கும் ஒரு துண்டு வயல் எழுதினார்கள். அவர் சாகும்வரை அந்த வரப்பில் தானே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாராம்.

---

கயல்_கரூர்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வயது 43, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடு இருக்கிறேன். அப்பா போய் ஒரு வருஷம். வீடு தாத்தா காலத்தது. அண்ணன் நல்லவர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். போன வாரம் ஒரு விடுதலைப் பத்திரம் தயார் செய்து கொண்டுவந்தார். "வங்கிக் கடனுக்காகத்தான், நீ எப்பவும் போல இங்கேயே இருக்கலாம்" என்கிறார். அம்மா கையெழுத்துப் போட்டுவிடு என்கிறார். மலர்விழி அக்காவின் அத்தை கதையைப் படித்ததில் இருந்து தூக்கம் வரவில்லை. தேன்மொழி மேடம், போடலாமா?

---

வழக்கறிஞர்_தேன்மொழி

கயல், இப்போது போடாதீர்கள். விடுதலைப் பத்திரம் என்றால் உங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்ததாக ஆகும். பதிவான பிறகு "எப்பவும் இருக்கலாம்" என்ற வாய்வார்த்தைக்கு எந்தப் பலமும் இல்லை. அண்ணன் மனது மாறாவிட்டாலும், கடன் கட்ட முடியாமல் வங்கி வீட்டை ஏலம் விட்டால் உங்களையும் அம்மாவையும் சேர்த்துத்தான் இறக்குவார்கள்.

முதலில் தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவோ அப்பாவோ யாருக்காவது உயிலோ செட்டில்மெண்டோ எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எதுவும் இல்லாவிட்டால் அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் பங்கு உண்டு. அண்ணனுக்குக் கடன்தான் தேவை என்றால் பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு, அவர் பங்கை மட்டும் அவர் அடமானம் வைக்கட்டும். வீட்டை அளந்து பிரிக்க முடியாத அமைப்பு என்றால், உங்கள் பங்குக்கு ஈடாக மாடியையோ பின்கட்டையோ உங்கள் பெயருக்கே எழுதி வாங்கலாம், வழிநடைப் பாதையும் தண்ணீர்க் குழாயும் எந்தப் பக்கம் என்பது உட்பட. அம்மா தன் பங்கை உங்களுக்குத் தர விரும்பினால் உயிலை விடப் பதிவுசெய்த செட்டில்மெண்ட் உறுதியானது. உயிலை அவர் பிறகு மாற்றி எழுதலாம்.

அண்ணனிடம் சண்டை போட வேண்டாம். "வக்கீலிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அந்தப் பத்திரத்தின் நகலை, பெயர்களையும் சர்வே எண்ணையும் மறைத்துவிட்டு எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன்.

---

கயல்_கரூர்

நன்றி மேடம். வில்லங்கச் சான்றிதழுக்கு இப்போதே ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டேன். தாய்ப் பத்திரம் அண்ணன் பீரோவில் இருக்கிறது, அம்மாவை விட்டு நாளைக்குக் கேட்கச் சொல்கிறேன்.